கல்லாற்று மனுவும் என் பதினொரு நாள் காய்ச்சலும்

அந்த மனுவை எழுதியது என் பக்கத்து மேஜைக்காரர்தான் என்று நான் நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. முழுசாகப் பதினொரு நாள். என் நாற்காலியைப் பிடுங்குவதற்காக மனிதர் பொன்முடி மலை ஏறிப்போய், தேயிலை பறிக்கும் நாற்பது பெண்களிடம் கைநாட்டு வாங்கி, எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைப்பது மாதிரி அதை என் மேஜையில் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்கோ முழங்கால் வலி. ஆபீஸ் மாடிப்படி ஏறவே நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவார். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. பயம் பிடித்துவிட்டால் அடுத்தவன் முழங்காலா கண்ணுக்குத் தெரியும்?

எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீசுக்குப் பஞ்சமில்லை. வாசகர்கள் தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மலைப்பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரி வேண்டும், மருந்து வேண்டும், பிரசவம் பார்க்க நர்ஸ் வேண்டும் என்று எழுதுகிற மனுக்கள் என் மேஜைக்கு வரும். வரும் என்றுதான் சொன்னேன். போகும் என்று சொல்லவில்லை.

என் மனைவிக்கு ஒரு தங்கை. தாயில்லாதவள், எங்கள் வீட்டில் வளர்ந்தவள். பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அதுதான் எங்கள் நாஞ்சில்நாட்டு வழக்கம். ஆனால் அவள் புறப்படுவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டது. கம்பளியைத் தூளியாகக் கட்டி, வளைவு வளைவாக மலையடிவாரக் கல்லாறு வரைக்கும் தூக்கி வந்திருக்கிறார்கள். பஸ் போய்விட்டிருந்தது. குழந்தை தங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விளையாட்டுப் பேச்சு வராது. அதனால் இத்தோடு விடுகிறேன்.

மறுவருஷம் அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். தை மாசம் பிரசவம். என் மனைவி, இந்தத் தடவை மூன்று மாசம் முந்தியே இறங்கி வந்துவிடு என்று கடுதாசி போட்டாள். பதில் வந்தது. அதை என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அக்கா, நான் வந்திருவேன். அத்தான் வீட்டுல எனக்கு ஒரு மூலை கிடைக்கும். இங்க லயத்துல என்கூட வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்க ஏழு பேருக்கு எந்த அத்தான் இருக்காரு? எனக்குத் தூளி கட்டித் தூக்குனது அவுங்கதான். அவுங்களுக்கு எங்கயோ எனக்கும் அங்கதான். நான் வரல்ல."

லயம் என்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். மலைக்கு மேலே நர்ஸ் கிடையாது. கீழே கல்லாற்றிலும் கிடையாது.

"சின்னப்பிள்ளைப் பிடிவாதம்" என்றேன் நான்.

"அப்படியாக்கும்" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், உன்னோடு பேசிப் பிரயோஜனமில்லை என்பது.

ஆனால் மறுநாள் சாயங்காலம் அதிசயம் நடந்தது. உள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள்:

"கல்லாத்துல ஒரு நர்ஸைப் போடச் சொல்லி யாராம் மனு போட்டா, நீங்க என்ன செய்விய?"

"படிப்பேன்."

"பொறவு?"

"ஃபைல் போடுவேன்."

"பொறவு?"

"பொறவு அந்த மனுவோட தலையெழுத்து."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்று சாயங்காலம் தொடர்ந்து, சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, ஒரு மனுவை எப்படி வலிக்காமல் படுக்கவைப்பது என்று பாடம் நடத்தினேன். அவள் கேட்கக் கேட்க எனக்குக் குரல் ஏறியது. தெருவில் போகிறவர்கள் என்னை மந்திரி என்று நினைத்திருப்பார்கள்.

"முதல்ல, இது எங்க இலாகா இல்லைன்னு தொழிலாளர் விஷயம் பாக்கிற இலாகாவுக்குத் தள்ளிருவேன். அவன் நாலு மாசம் வச்சிருந்து, இது எங்களுதும் இல்லைன்னு திருப்பி அனுப்புவான்."

"அதுக்கு அவங்களுக்கும் அன்னைக்கே ஒரு நகல் போயிருந்தா?"

"போயிருந்தா கஷ்டம்தான். ஆனா எவனுக்குத் தோணும்? சரி, திரும்பி வந்தா, உள்ளூர் அதிகாரி ரிப்போர்ட் தரணும்னு எழுதிருவேன். அவரு ஆறு மாசம் கழிச்சுத் தருவாரு. அதுக்கும் பொறவு என் கையில ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கு. கட்டடம்! கட்டடம் இல்லாத ஊருக்கு நர்ஸைப் போட முடியாது. நர்ஸ் இல்லாத ஊருக்குக் கட்டடம் கட்ட முடியாது."

"கட்டடம் இல்லாம எங்கயுமே போட்டதில்லியா?"

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். முந்தின வருஷம் பழைய ஃபைல் கட்டு ஒன்றை அவிழ்த்து அடுக்கும்போது, ஒரு கடற்கரை ஊரில் கடைக்குப் பின்னறையிலேயே நர்ஸை வைத்துக்கொள்ளலாம் என்று போட்ட உத்தரவு ஒன்று கண்ணில் பட்டது. அது யாருக்கும் தெரியாத ரகசியம், அந்தக் கட்டை அவிழ்த்தது நானும் பக்கத்து மேஜைக்காரரும் மட்டும்தான் என்று பெருமையடித்துக்கொண்டேன். உத்தரவின் நம்பர் உள்படச் சொன்னேன். நம்பரை எதற்குச் சொன்னேன்? ஞாபகசக்தியைக் காட்டத்தான். மனைவியிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது?

ஆடி மாசம் அவள் தங்கையைப் பார்க்கப் பொன்முடிக்குப் போனாள். பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அவள் போனதும் பார்த்தால், நான் வீட்டில் வைத்திருந்த ஃபூல்ஸ்கேப் தாள் ஒரு கட்டு குறைந்திருந்தது. கரையான் என்று நினைத்தேன்.

ஓணம் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று தபாலில் மனு வந்தது.

கல்லாற்றில் ஒரு மிட்வைஃபை நியமிக்க வேண்டும் என்று சுத்தமான ஆபீஸ் மலையாளத்தில் எழுதியிருந்தது. தெரியாத கையெழுத்து. கடைசியில் நாற்பது கைநாட்டு. மலையில் ஸ்டாம்ப் மை ஏது? விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்திருந்தார்கள். தாளெல்லாம் எண்ணெய் ஊறி, எதிர்ப்பக்கத்திலும் நாற்பது விரல் தெரிந்தது. கைநாட்டுக்கெல்லாம் மேலே தமிழில் ஒரே ஒரு கையெழுத்து. என் கொழுந்தியாளுடையது.

புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்? கொழுந்தியாள் மனு போட்டிருக்கிறாள் என்று நினைப்பான். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தொழிலாளர் இலாகாவுக்கு நகல் அனுப்பியிருப்பதாக முதல் பாராவிலேயே இருந்தது. உள்ளூர் அதிகாரியின் ரிப்போர்ட் இரண்டாம் அனுபந்தம். கல்லாற்றுச் சாயாக்கடைக்காரர் தம் கடையின் பின்னறையை வாடகையில்லாமல் தரச் சம்மதித்து எழுதிய கடுதாசி மூன்றாம் அனுபந்தம். கதவு உண்டு, உள்தாழ்ப்பாள் உண்டு, ஜன்னல் ஆற்றைப் பார்த்து இருக்கிறது என்று அவர் விவரமாக எழுதியிருந்தார். கட்டடம் இல்லாமல் நியமனம் செய்ததற்கு முன்மாதிரி உண்டு என்று சொல்லி, அந்தக் கடற்கரை ஊர் உத்தரவின் நம்பர். கடைசி அனுபந்தம் ஒரு பட்டியல்: வருகிற மாசங்களில் லயத்தில் பிரசவிக்கப்போகிற பெண்கள், மாசவாரியாக. ஐப்பசியில் இரண்டு பேர். கார்த்திகையில் ஒருத்தி. மார்கழியில் மூன்று. தையில் இரண்டு.

இது ஆபீசுக்குள்ளே இருக்கிறவன் எழுதிய மனு. அந்த உத்தரவு நம்பர் தெரிந்தது இந்த லோகத்தில் இரண்டே பேருக்கு. ஒருவன் நான். நான் எழுதவில்லை. ஆகவே மற்றவர். என் கொழுந்தியாளை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எதற்கு? நான் இந்த மனுவுக்கு ஆதரவாக நோட் எழுதினால், சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினான் என்று மேலே சொல்வார். எதிராக எழுதினால், முன்மாதிரியை மறைத்தான் என்பார். இரண்டில் எதைச் செய்தாலும் என் சீட்டு கிழியும். அந்த நாற்காலியில் அவர் உட்காருவார்.

தலையை நிமிர்த்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தா சாரே, முகம் வெளுத்துப்போச்சல்லோ. சுகமில்லையா?"

"சுகத்துக்கு என்ன, நல்ல சுகம்" என்றேன்.

"ஓணத்துக்குச் சத்ய உண்டது அதிகம் ஆயிருக்கும். சுக்குவெள்ளம் குடி."

பார்த்தீர்களா, விஷம் வைத்தவனே மருந்து சொல்கிறான் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட ஃபைல் வந்தால் மேலதிகாரியிடம் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். நான் சொல்லவில்லை. ஒரு நாள் தாண்டியதும், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். இரண்டாம் நாள் பயம் இரட்டித்தது. ஃபைலை நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தேன். அந்த வாரம் என் வேட்டியில் தேங்காயெண்ணெய்க் கறை.

தினமும் ஆபீசுக்குப் போகும் முன்னால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், பக்கத்து மேஜைக்காரரும் கையில் தேங்காயோடு நிற்கிறார்! என்னைக் கண்டதும் ஒரு சிரிப்பு. இருவரும் ஒரே நாற்காலிக்காக ஒரே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டால் பிள்ளையார் என்ன செய்வார்? நாலாம் நாள் நான் இரண்டு தேங்காய் கொண்டுபோனேன். அவர் கையில் மூன்று இருந்தது. ஐந்தாம் நாள் நான் ஐந்து. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

என் பழைய அஸ்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்துத் தொழிலாளர் இலாகாவுக்கு ஃபைலைத் தள்ளினேன். நாலு மாசம் ஆகும் என்று தெம்பாக இருந்தேன். மறுநாளே திரும்பி வந்தது. நகல் எங்களுக்கும் கிடைத்தது, ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ரிப்போர்ட் கேட்டு டிராஃப்ட் போட்டுச் சூப்பிரண்டிடம் வைத்தேன். சூப்பிரண்டு கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அப்படிப் பார்த்தால் நாம் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அர்த்தம்.

"ஓய், ரெண்டாம் அனுபந்தத்தைப் பாத்தீரோ?"

"பார்த்தேன் சார்."

"அதுல இருக்கற ரிப்போர்ட்டையே கேட்டு லெட்டர் போட்டா, அவன் என்னத்தை அனுப்புவான்? தன் தலையையா? யார் ஓய் இதை எழுதினது? முப்பது வருஷத்துல இப்படி ஒரு மனு நான் பாத்ததில்லே. நீர் கையெழுத்துப் போடறது ஒண்ணுதான் பாக்கி வச்சிருக்கா."

அவர் குரலில் ரசனை இருந்தது. எனக்கு அது விசாரணையாகக் கேட்டது.

கட்டட அஸ்திரத்தை எடுக்கவே இல்லை. சாயாக்கடைக்காரரின் உள்தாழ்ப்பாள் என்னைத் தடுத்துவிட்டது.

பதினோராம் நாள் சாயங்காலம் உண்மையாகவே காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் விழுந்து, என் மனைவியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை போனால் பழவங்காடியில் தேங்காய்க்கடை போட்டுக்கொள்ளலாம், பதினைந்து நாளாய் வாங்கி வியாபார ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று சொன்னேன். பதினைந்து நாள் இல்லை, பதினொரு நாள்தான், காய்ச்சலில் கூடிவிட்டது. எதிரி எவ்வளவு கெட்டிக்காரன் என்றும் சொன்னேன். ஒரு ஓட்டை விடாமல் அடைத்திருக்கிறான், இப்படி ஒரு மூளையை நான் கண்டதில்லை என்றேன்.

அவள் நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

"சாயாக்கடைக்காரன் கடுதாசி எண்ணெயில ஒட்டாம வந்திருந்துதா? அதைத் தனியா மடிச்சு வைன்னு சொன்னேன், அந்தப் பிள்ளை கேக்கவே இல்ல."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"எந்தப் பிள்ளை?"

"என் தங்கச்சி. எழுதுனது அவ கை. மலையாளத்துல அவ எழுதி நீங்க கண்டதில்ல. சொன்னது நான்."

"நீயா?"

"நான் எங்க சொன்னேன்? சொன்னது நீங்கள்லா. மூணு சாயங்காலம். நான் உள்ளி உரிச்சுக்கிட்டுக் கேட்டேன், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது.

"என் வேலை போயிருந்தா?"

"உங்க பேரு அதுல எங்கயாம் இருக்கா? உங்ககிட்ட முன்னமே சொல்லியிருந்தா என்ன செய்திருப்பிய? மெத்தைக்கு அடியில வச்சிருப்பிய."

மெத்தை விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வேட்டிக்கறை சொல்லியிருக்கிறது.

"பட்டியலைப் பாத்தியளா?" என்றாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஐப்பசில ரெண்டு பேரு. நானே ஒவ்வொருத்தி வீட்டுலயும் போய்க் கேட்டு எழுதுனேன். நீங்க ஃபைல் மேல இருந்த பதினோரு நாளும் அவளுவளும் காத்துக்கிட்டு இருந்தாளுவ. எங்களுக்குச் சலுகை ஒண்ணும் வேண்டாம். அந்த ஃபைல் உங்களை விட்டு நகரணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலை தேங்காய் வாங்காமல் நேரே ஆபீசுக்குப் போனேன். சூப்பிரண்டின் முன்னால் நின்று, முதல் கையெழுத்து என் கொழுந்தியாளுடையது, நான் இந்த ஃபைலைத் தொடக்கூடாது, பதினொரு நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"அதுக்கா ஓய் முகத்தை இப்படி வச்சிண்டு அலைஞ்சீர்? நான் உமக்கு மஞ்சக்காமாலைன்னு நெனச்சேன். தள்ளும், ஃபைலை அந்தண்டை தள்ளும்."

அந்தண்டை இருந்தது பக்கத்து மேஜைக்காரர். ஃபைலை வாங்கி, தேங்காயெண்ணெய் வாசனைக்கு மூக்கை உறிஞ்சி, "வெளிச்செண்ண மணம்" என்றார். ஒரு மணி நேரம் படித்தார். பட்டியல் வந்ததும் நின்றார். எழுந்து சூப்பிரண்டின் மேஜைக்கு மெல்ல நடந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சாரே, என்ட பசு தலைச்சன் கன்று போட இருந்தது. பத்து நாள் பழவங்காடியில் தேங்காய் உடைச்சேன். பின்னே ஒரு பயம் தோணி, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். சர்க்கார் மாட்டு டாக்டர் வீட்டு முற்றத்துக்கே வந்து நின்னார். பசுவும் சுகம், கன்றும் சுகம். இந்த மலையில் இருக்குற பெண்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் வர ஓர் ஆள் கூட இல்லையல்லோ."

"அதை நோட்டுல எழுதிடாதீர்" என்றார் சூப்பிரண்டு.

"எழுதமாட்டேன். எழுத எனக்கு என்ன மிச்சம் இருக்கு? எல்லாம் இவங்களே எழுதியாச்சு. சிபாரிசு செய்யலாம் என்று ஒரு வரி போட்டால் மதி, போதும்."

அந்த ஒரு வரியைப் போட்டார். திரும்பி வரும்போது என் தோளில் கை வைத்து, "சாரே, ஐந்து தேங்காய் எதுக்கு உடைச்சது? வீட்டில் வலிய பசுவா?" என்று கேட்டார். ஆமாம், பெரிய பசு, நல்லபடியாகக் கன்று போட்டுவிட்டது என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

ஃபைல் மேலே போனது. மேலே போன பிறகு எதுவும் என் கையில் இல்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. என் மனைவிக்கு இல்லை. ஐப்பசி பிறந்ததும் தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். இல்லை என்று. மலையிலிருந்து வருகிற கடுதாசிகளை அவள் எனக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "ஆபீஸ் பேப்பரெல்லாம் வாசிக்கதுக்கே உங்களுக்கு நேரமில்லியே" என்றாள்.

கார்த்திகை மாசம் உத்தரவு வந்தது. ஒரு வருஷத்துக்கு மட்டும், தற்காலிகமாக, ஒரு மிட்வைஃப். மார்கழியில் ஒரு தகரப்பெட்டியும் குடையுமாக அவள் கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். சாயாக்கடையின் பின்னறையில் இருந்தாள். அந்த மாசம் மூன்று பிரசவத்துக்கு மலையேறிப் போனாள். மூன்றும் நல்லபடியாக முடிந்தது. தை மாசம் என் கொழுந்தியாளுக்கு, அவள் சொன்னபடியே அங்கேயே, பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். பட்டியலில் ஐப்பசிக்கு எழுதியிருந்த இரண்டு பேரில் ஒருத்தியின் குழந்தை பிழைக்கவில்லை.